வடக்கனுக்குப் பெண்பால் இல்லை

இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் நன்னூல் பெயரியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஐம்பால் பாகுபாட்டுக்கு அன்றாட வழக்கிலிருந்து எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள் என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி "வடக்கன்" என்றாள். வகுப்பு சிரித்தது. ஆண்பால் சரி, இதற்குப் பெண்பால் என்ன என்று கேட்டேன். "வடக்கி" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு அதிகமானது. "அப்படி யாரும் சொல்றதில்ல மேடம்" என்று பக்கத்திலிருந்தவள் திருத்தினாள். அப்படியென்றால், நம் ஊர் நூற்பாலை விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும் ஒடிசா, ஜார்கண்ட் பெண்களை என்னவென்று சொல்வீர்கள்? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முன்வரிசைப் பெண் ஒருத்தி சொன்னாள்: "அதுங்கன்னு சொல்லுவோம் மேடம்."

அதுங்க. பலவின்பால், அஃறிணை.

அந்தப் பெண் கெட்டவள் அல்ல. குழந்தைகளைக்கூட நாம் செல்லமாக "அதுங்க" என்கிறோமே என்று அவளே எனக்கு விளக்கமும் தந்தாள். உண்மைதான். ஆனால் செல்லத்தில் சொல்லும்போதும் ஏளனத்தில் சொல்லும்போதும் அந்தச் சொல் செய்யும் வேலை ஒன்றே. எதிரில் இருப்பவருக்குச் சொந்தமாக ஒரு மனம் இருக்கிறது, அது நம்மைப் பற்றி ஏதோ நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அது மறக்கச் செய்கிறது. பிறகு எனக்கே உறைத்தது. பேருந்து நிலையத்தில் கூட்டமாக நின்ற அந்தப் பெண்களைக் காட்டி, "பாவம், அதுங்களுக்கு எந்த வண்டின்னு தெரியல போல" என்று நானும் சொல்லியிருக்கிறேன். பாவம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொன்னேன், அவ்வளவுதான் வேறுபாடு.

புதிதாக வருபவர்களைப் பற்றிய பொதுப்புத்தியைக் கருத்துக்கணிப்பிலும் தலைவர்களின் பேச்சிலும் தேடுவது வழக்கம். நான் தமிழ் கற்பிப்பவள். எனக்குச் சொற்களில் தேடித்தான் பழக்கம். 'வடக்கன்' என்பவன் வேலையைப் பறிப்பவன், கும்பலாக வருபவன், அஞ்சத்தக்கவன். பயப்படுவதற்காகவாவது அவனுக்கு உயர்திணை கிடைத்துவிட்டது. அவனோடு வந்தவளுக்கு, அல்லது அவன் துணையின்றித் தனியாக வந்தவளுக்கு, அதுவும் இல்லை.

*

மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி என்னைத் தேடி வந்தாள். கூடலூர்ப் பக்கம் அவள் வீடு. "மேடம், நேத்து சொன்ன அந்த வார்த்தை எங்க வீட்ல வேற மாதிரி" என்றாள். அவளுடைய பாட்டி இலங்கையின் நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அங்கே வேலை தேடி வடக்கு மாகாணம் வரை போனபோது, பாட்டியின் குடும்பத்தை அங்கிருந்த தமிழர்கள் 'வடக்கத்தியான்' என்று சொல்லியிருக்கிறார்கள்.

இலங்கையின் மலையகத் தமிழர்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. பாக் நீரிணைக்கு அப்பால் நின்று பார்த்தால் நாம்தான் வடக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ் மாவட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் சந்ததிக்கு அங்கே மூன்று வசைப்பெயர்கள் இருந்தன: கள்ளத்தோணி, தோட்டக்காட்டான், வடக்கத்தியான். இவற்றில் பின்னிரண்டையும் தமிழர்களே தமிழர்களைப் பார்த்துச் சொன்னார்கள். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் போன நம் வீட்டு மனிதர்கள்தான் அந்த 'வடக்கத்தியான்'. ஆக, இன்று நாம் ஒடிசாக்காரரைப் பார்த்துச் சொல்லும் சொல், ஒரு காலத்தில் நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்டதுதான்.

சொல் மட்டுமல்ல, குற்றச்சாட்டுகளும் ஒன்றுதான். 1930களின் இலங்கையில் இந்தியத் தொழிலாளர்கள்மீது சுமத்தப்பட்டவற்றைப் பட்டியலிட்டால் மூன்றில் அடங்கிவிடும்: நம் வேலையைப் பறிக்கிறார்கள், நம் பணத்தை அவர்கள் ஊருக்கு அனுப்புகிறார்கள், வாக்குரிமை பெற்று நம் அரசியலைக் கைப்பற்றிவிடுவார்கள். இன்று நம் தேநீர்க்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இதே மூன்றும் இதே வரிசையில் காதில் விழும். மூன்றாவது குற்றச்சாட்டு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் வரலாறு சொல்கிறது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது.

அந்தக் குற்றச்சாட்டுகளுக்கு அன்றே மேடையில் நின்று பதில் சொன்ன ஒரு பெண் இருந்தார். மீனாட்சியம்மாள். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் என்றுதான் அவரை அறிமுகம் செய்வது வழக்கம். அவரே இதழாளர், அமைப்பாளர், பாட்டு கட்டுபவர். தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் இந்திய எதிர்ப்புக்கு எதிராகத் தாமே இயற்றிப் பாடினார். பாட்டுகளைச் சிறு நூலாகவும் அச்சிட்டார். புலம்பெயர்ந்தோர் மீதான வெறுப்புக்கு ஒரு புலம்பெயர்ந்த பெண் தமிழ்ப் பாட்டில் பதில் சொன்ன அந்த மரபு, நம் பாடத்திட்டம் எதிலும் என் கண்ணில் பட்டதில்லை.

*

"அவர்கள் நம்மோடு கலப்பதில்லை, மொழி கற்பதில்லை, பழக்கவழக்கம் வேறு." பொதுப்புத்தியின் இன்னொரு வாதம் இது. மென்மையானது, படித்தவர்களுக்குப் பிடித்தது. வேற்றுமைதான் சிக்கல், அது கரைந்தால் வெறுப்பும் கரையும் என்பது இதன் உட்பொருள். இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மொழி, சாமி, சாப்பாடு, உறவுமுறை எல்லாம் நம்முடையதாகவே கொண்டு வந்தவர்களை நாம் எப்படி ஏற்றோம் என்று பார்த்தால் போதும்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பண்டபாத்திரம் பிரிப்பதுபோல் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு வேறு நாடு என்று ஆன குடும்பங்கள் ஏராளம். வந்தவர்களுக்கு நம் அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. நுவரெலியாவில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே பிள்ளை பெற்ற ஒரு பெண், தான் ஒருநாளும் பார்த்திராத ஒரு மண்ணுக்கு எப்படித் 'திரும்ப' முடியும்? அவர்களுக்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அங்கே தொடங்கியது பின்னாளில் டான்டீ ஆனது. தாயகம் அவளுக்குக் கொடுத்தது மறுபடியும் ஒரு லயம், மறுபடியும் ஒரு கூடை. ஊர் கொடுத்த பெயர் 'சிலோன்காரி'. என் மாணவியின் பாட்டி கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாக்காரி, இந்தப் பக்கம் சிலோன்காரி. இரண்டு கரையிலும் அவர் பேசியது தமிழ்தான்.

1983க்குப் பின் போருக்குத் தப்பி வந்தவர்களின் கதை இன்னும் கூர்மையானது. அவர்களுக்காக நாம் ஊர்வலம் போனோம், உண்ணாவிரதம் இருந்தோம், நானே கவிதை எழுதினேன். ஆனாலும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் பல்லாயிரக்கணக்கானோர் தலைமுறை தாண்டியும் முகாம்வாசிகளாகவே இருக்கிறார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. வீடுகளுக்கும் வசதிகளுக்குமாக 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. நல்ல செயல்தான். ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை. 2019இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தினருக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

இதில் பெண்ணுக்கென்று தனியாக ஒரு முள் இருக்கிறது. ஒன்றிணைதலுக்கு நம் சமூகம் அறிந்த பழைய வழி திருமணம். வந்தவள் இந்த ஊர்க்காரனைக் கட்டிக்கொண்டால் இந்த ஊர்க்காரி ஆகிவிடுவாள் என்பது நம் நம்பிக்கை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 3ஆம் தேதியோ அதற்குப் பிறகோ இந்தியாவில் பிறந்த குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்க, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. படகில், பயண ஆவணம் ஏதுமின்றி, குழந்தையாக வந்து இறங்கியவள் வளர்ந்து இந்தியத் தமிழனை மணந்து இந்தியாவிலேயே பெற்றெடுத்தாலும், தாய் வந்த வழி பிள்ளையின் குடியுரிமைக்குக் குறுக்கே நிற்கும். தாய்வழிச் சொத்து என்று பெண்களுக்கு எதுவும் தராத சமூகத்தில், நாடற்ற நிலை மட்டும் தாய்வழியாக இறங்குகிறது.

சோதனையின் முடிவு இதுதான். ஒரே மொழி, ஒரே பண்பாடு, போதாக்குறைக்கு நம் கண்ணீர் — இத்தனை இருந்தும் ஒன்றிணைதல் நடக்கவில்லை. ஏனென்றால் அதை நடத்துவது பழக்கவழக்க ஒற்றுமை அல்ல. சட்டப்படியான காகிதம், வாடகைக்குக் கிடைக்கும் வீடு, நியாயமான கூலி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். இவற்றைத் தராமல் வைத்துக்கொண்டு "நம்மோடு கலக்கவில்லையே" என்று கேட்பது, கதவைத் தாழிட்டுவிட்டு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பதுதான்.

*

எதிர்வாதத்தை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை. எங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்தில் சித்தாள் வேலைக்கு வரும் ஓர் அக்கா என்னிடம் நேராகவே கேட்டார்: "உங்களுக்கென்ன டீச்சர், உங்க வேலைக்கு அவன் வரமாட்டான். மேஸ்திரி என்னை இப்பக் கூப்பிடறதே இல்ல. நாலு வடக்கத்திப் பசங்க போதும்கிறாரு. என் வயித்துக்கு யாரு பதில் சொல்றது?"

இந்தக் கேள்வியை வெறுப்பு என்று தள்ளினால் நான் பெண்ணியம் பேசத் தகுதியற்றவள். அவர் இழந்த வேலை உண்மை. ஆனால் அவரோடு பேசப் பேச இன்னொன்றும் தெளிவானது. இருபது ஆண்டுகளாக அதே கட்டடங்களில், அதே வெயிலில், கூட நின்ற ஆணைவிடக் குறைந்த கூலிக்குத்தான் அவர் மண் சுமந்தார். சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. குறைந்த கூலிக்கு உழைக்க ஒருவர் இருக்கிறார் என்பது இத்தனை ஆண்டுகள் யாருக்கும் கோபம் வரவழைக்கவில்லை. காரணம், அந்த ஒருவர் பெண். அந்த இடத்துக்கு இன்று, வெளிமாநிலத்து இளைஞன் கொண்டுவரப்பட்டிருக்கிறான். ஆளை மாற்றியது யார்? மேஸ்திரிக்கு மேலிருக்கும் ஒப்பந்தக்காரர். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் உள்ளூர்த் தொழிலாளருக்கு இணையான கூலி என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அது ஒழுங்காக நடைமுறையானால், மலிவு என்பதற்காக அவர்களைக் கொண்டுவருவதில் லாபம் இருக்காது. அந்த அக்காவின் வேலையும் பிழைக்கும். இருவருக்குமான பாதுகாப்பு ஒரே இடத்தில் இருக்கிறது. தெருவில் நம் கோபம் மட்டும் வேறு திசையில் போகிறது.

இன்னொரு வாதம் நம் பெயராலேயே வைக்கப்படுகிறது: "அவனுங்க வந்தப்புறம் நம்ம பொண்ணுங்க ரோட்ல நடக்க முடியல." குற்றம் செய்தவர் எந்த மாநிலத்தவரானாலும் தண்டிக்கப்பட வேண்டும், அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுக்காண்டு மாறாத ஒரு செய்தி உண்டு. பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர். ஆபத்து தெரிந்த முகத்தில் இருக்கும்போது, தெரியாத முகத்தைக் காட்டிப் பயமுறுத்துவதால் லாபம் அடைவது தெரிந்த முகம்தான். 'நம்ம பொண்ணுங்க' என்ற தொடரில் உள்ள உடைமைப் பெயரையும் கவனியுங்கள். விடுதியில் அடைபட்டு, வாரம் ஒருமுறை மட்டும் வெளியே விடப்படும் ஜார்கண்ட் பெண்ணின் பாதுகாப்பைப் பற்றி இந்தக் குரல் கவலைப்பட்டதாக நான் கேட்டதில்லை.

2023 மார்ச்சில் நேர் எதிரான ஒரு பொய் பரவியது. தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று எங்கெங்கோ எடுத்த காணொளிகளைச் சேர்த்துப் பரப்பினார்கள். பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போனது. பரப்பியவர்கள்மீது வழக்குகள் பதிவாயின. அது நம்மீது சொல்லப்பட்ட பொய். அதைக் கண்டு நாம் கொதித்தது நியாயம். ஆனால் அந்தப் பொய்யை நம்பி ஊருக்கு ரயிலேறியவர்களின் மனதில் அது ஏன் அவ்வளவு எளிதாக ஒட்டியது என்பதையும் நாம் யோசித்திருக்க வேண்டும். தினமும் 'டேய்' என்று அழைக்கப்படுகிறவனுக்கு, நாளை அடிப்பார்கள் என்று சொன்னால் நம்பக் கடினமாக இருக்காது.

*

கடைசியாக என் சொந்த வீட்டுக்கு, இலக்கியத்துக்கு, வருகிறேன்.

புலம்பெயர்ந்த பெண்ணுக்காகத் தமிழ் அழுத வரலாறு நீண்டது. பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை எழுதினார். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பி, அங்கே அவள் உடலுக்கு நேர்ந்ததை எழுதினார். இரண்டையும் ஆண்டுதோறும் நடத்துகிறேன். பாரதி பாட்டை நடத்தும்போது மாணவிகள் அவர்களைத் தமிழ்ப் பெண்களாகவே எண்ணிக்கொள்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் பாரதியின் தலைப்பு அவர்களை 'ஹிந்து ஸ்திரீகள்' என்கிறது. இந்தியப் பெண்கள் என்ற பொருளில். 1879 முதல் 1916 வரை பிஜிக்குக் கொண்டுசெல்லப்பட்ட சுமார் 60,000 பேரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பிகார்ப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அதாவது, பாரதி நெஞ்சு வெடித்துப் பாடிய அந்தப் பெண்களில் பெரும்பகுதியினர், இன்று நாம் 'அதுங்க' என்று சொல்பவர்களின் கொள்ளுப்பாட்டிகள். தமிழின் மிகச் சிறந்த புலம்பெயர்வுக் கவிதை 'வடக்கத்தி'ப் பெண்களையும் நினைத்து எழுதப்பட்டது. நாம்தான் அதை நம் அளவுக்குச் சுருக்கிக்கொண்டோம்.

நம்மிடமிருந்து போனவளுக்கு இலக்கியம் இருக்கிறது. நம்மிடம் வருபவளுக்கு? பாஸ்கர் சக்தி இயக்கிய படம் ஒன்று 'வடக்கன்' என்ற பெயரில் எடுக்கப்பட்டு, தணிக்கை வாரியம் அந்தப் பெயரை ஏற்காததால் 'ரயில்' என்று மாறி 2024இல் வந்தது. பெயரை மாற்றினால் வழக்கில் உள்ள சொல் அழிந்துவிடும் என்று வாரியம் நம்பியது வேடிக்கை. படம் அந்த வெறுப்பை நேர்மையாகத்தான் தொட்டது. அதிலும் வருபவன் ஆண்; அவனிடம் மனிதத்தன்மையோடு நடப்பவள் உள்ளூர்ப் பெண். இரக்கப்படும் வேலையை நம் கதைகள் பெண்ணிடம் ஒப்படைக்கின்றன. வந்து சேரும் பெண்ணாக அவளைக் கற்பனை செய்வது அரிது.

என் பங்கும் இதில் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நூற்பாலை விடுதிப் பெண்களைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். 'மௌனம்' என்ற சொல் அதில் மூன்று முறை வரும். அரங்கில் வாசித்தபோது கைதட்டினார்கள். இந்தக் கட்டுரைக்காக அதை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண்கள் மௌனமாக இல்லை; பேருந்து நிலையத்தில் ஓயாமல் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும்தான் இருந்தார்கள். எனக்கு மொழி தெரியாததை அவர்களுடைய மௌனம் என்று எழுதிவிட்டேன். அக்கவிதையை அடுத்த தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டேன்.

கூடலூர் மாணவி இந்த ஆண்டு தன் களப்பணிக்கு எடுத்திருக்கும் தலைப்பு, அவள் ஊர்த் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் ஜார்கண்ட் பெண்களின் பேச்சுத் தமிழ். பாட்டியின் பிள்ளைகள் மலையிறங்கித் திருப்பூருக்குப் போய்விட, காலியான லயங்களில் இவர்கள் குடியேறியிருக்கிறார்கள். முதலில் கற்ற தமிழ்ச் சொல் எது என்று அவள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். கணக்கு, கூலி, தண்ணீர், லீவு என்று பலவும் வந்தன. அதிகம் பேர் சொன்னது 'அக்கா'. கங்காணி வேலை பார்க்கும் பெண்ணை, கடைக்காரப் பெண்ணை, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளை, குறிப்பெடுக்க வந்த என் மாணவியை, எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வந்த சில வாரங்களுக்குள் அவர்கள் நமக்கு ஓர் உறவுமுறை கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஐம்பால் நடத்தும்போது என் வகுப்பில் இந்தக் கேள்வியை மறுபடியும் கேட்பேன். அவர்களைக் கூப்பிட நம்மிடம் என்ன சொல் இருக்கிறது?